டிரையர் ஃபேனும் சந்தனப் பொட்டும்

ஆயுத பூஜை முடிந்து ஃபேக்டரி ஓடத் தொடங்கிய அன்றே தேயிலையைக் காயவைக்கும் டிரையர் ஃபேனின் அதிர்வை இரண்டு மடங்காகக் காட்டியது. காட்டியது நான் செய்த கருவி.

மூணாறு பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் முப்பது வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தவன் நான். கடைசி வருஷத்தில் வீடியோ பார்த்துப் படித்து, சின்ன மைக்ரோகண்ட்ரோலர் போர்டு ஒன்றில் அதிர்வை அளக்கும் ஆக்சிலரோமீட்டர் சென்சாரை இணைத்து, டப்பாவில் போட்டு ஃபேனின் பேரிங்கை மூடிய இரும்பு உறையின் மேல் பூட்டினேன். பேரிங் கெடப்போகிறது என்றால் அதிர்வு கூடும், முன்பே தெரிந்துவிடும். அந்தப் பெருமையில் ஒரு மாதம் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

பூஜைக்கு மெஷின் நின்றபோது அந்த பேரிங்கைப் புதிதாக மாற்றியவன் ஃபிட்டர் இசக்கிமுத்து. டெம்பரரி ஆள். கொழுந்தெடுக்கும் வேலையிலிருந்து அவன் அம்மா ஓய்வு பெறும் மாதம் அது. இவன் பெர்மனன்ட் ஆனால்தான் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடு அவர்களுக்கு. இல்லையென்றால் காலி செய்ய வேண்டும்.

ஃபேக்டரிப் பொறுப்பிலிருந்த டீமேக்கர் ரீடிங்கைப் பார்த்தார். ஒரு பேரிங் போடத் தெரியாதவனை எப்படி பெர்மனன்ட் ஆக்குவது, சாயங்காலம் மேனேஜர் தொரைக்கு ரிப்போர்ட் எழுதுகிறேன் என்றார். இசக்கி நேராக என்னிடம் வந்தான்.

"அண்ணே, கைவச்சுப் பாத்தா ஃபேன் நல்லாத்தான் ஓடுது. உங்க பெட்டிதான் வேற சொல்லுது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உன் கையைவிட என் சென்சார் மட்டமா என்று விரட்டிவிட்டேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. பத்து நிமிஷம் ஃபேனை நிறுத்தச் சொல்லி டப்பாவைக் கழற்றி மேசையில் வைத்தேன். அசையாமல் கிடக்கும்போது மேல்-கீழ் அச்சில் பூமி ஈர்ப்பின் அளவான ஒரு ஜி காட்ட வேண்டும். காட்டியது. கவிழ்த்தேன், மைனஸ் ஒன்று. சென்சாரில் கோளாறே இல்லை. பார்த்தாயா என்று மனசுக்குள் மீசையை முறுக்கிக்கொண்டு திரும்பப் பூட்டப் போனேன்.

டப்பா உட்காரும் இடத்தில் காய்ந்த சந்தனம் அப்பிக் கிடந்தது. பூஜையன்று டப்பாவைக் கழற்றி, பேரிங் உறைக்குத் தாராளமாகச் சந்தனம் தடவி, ஈரத்தோடு அதன் மேலேயே திரும்பப் பூட்டியது சாட்சாத் நான்தான். டிரையர் சூட்டில் சந்தனம் காய்ந்து வெடித்து, ஸ்க்ரூ பிடி விட்டு, டப்பா தானாகவே கடகடவென்று ஆடியிருக்கிறது. இரும்பு தெரியச் சுரண்டி இறுக்கிப் பூட்டினேன். ஃபேன் ஓடியதும் ரீடிங் பழைய பேரிங்கில் இருந்ததைவிடக் குறைவு.

ஸ்க்ரூ லூஸ் என்று மட்டும் சொல்லித் தப்பித்திருக்கலாம். வாய் வரவில்லை. டீமேக்கரிடம் போனேன்.

"சார், இசக்கி வேலைல தப்பில்ல. சந்தனத்து மேல பெட்டியப் பூட்டுனது நான். எம்பேரப் போட்டே எழுதுங்க."

"ரிட்டயர் ஆகப்போற நேரத்துல இது உமக்கு வேணுமா?"

வேணும் சார் என்றேன். எழுதினார்.

சாயங்காலம் இசக்கியிடம் மன்னிப்புக் கேட்க லயத்துக்குப் போனேன். பாத்திரமெல்லாம் சாக்கில் கட்டியிருந்தது. ரிப்போர்ட் விஷயம் காதில் விழுந்து மத்தியானமே கட்டிவிட்டாராம் அவன் அம்மா. எனக்கு ஒரு தம்ளர் டீ கொடுக்க ஒரு சாக்கை அவிழ்த்தார். தப்பு என்னுடையதுதான், ரிப்போர்ட் என் பேரில் போய்விட்டது என்று சொல்லி, மற்ற சாக்குகளை நானே அவிழ்த்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு ரீடிங் எகிறினால், ஃபிட்டரைக் கூப்பிடுமுன் என் டப்பாவைத்தான் முதலில் கழற்றிப் பார்த்தேன்.