காஜா அண்ணனும் அளவு நோட்டும்

எனக்குக் கண் மங்கத் தொடங்கியதை நான் யாரிடமும் சொல்லவில்லை. தையல்காரிக்குப் பார்வை குறைகிறது என்று தெரிந்தால் யார் துணி கொடுப்பார்கள்? காஜா அண்ணன் மட்டும் எப்படியோ கண்டுகொண்டார். சட்டைக் கட்டை எடுத்துப் போக வரும்போதெல்லாம், பேசிக்கொண்டே பத்து ஊசிகளில் நூல் கோத்துப் பஞ்சில் குத்தி வைத்துவிட்டுப் போவார். நான் கண்ணாடி வாங்கும் வரை எட்டு மாதம் இப்படி நடந்தது. அதைப் பற்றி ஒருநாளும் அவர் வாய் திறந்ததில்லை.

பொத்தான் நுழையும் துளையைச் சுற்றி நூலால் கட்டுவதுதான் காஜா. அவருக்கு அதுதான் பிழைப்பு. சொந்தமாகக் கடை கிடையாது. எங்கள் எல்லோருடைய கடைக்கும் நடையாய் நடப்பார். தையல்காரர் சங்கத்துக்குச் செயலாளராக யாரும் முன்வராதபோது, "கடை இல்லாதவன்தானே, அவனுக்கென்ன வேலை" என்று அவர் தலையில் கட்டினார்கள். அவரும் ஏற்றுக்கொண்டார்.

இரும்புக்கடைக்கு மேல்மாடியில் ஓர் அறைதான் சங்கம். ஒரு காலத்தில் அறுபது பேர் இருந்தோம். அண்ணன் பொறுப்பேற்றபோது இருபத்தெட்டுதான். இருபத்தைந்துக்குக் கீழே போனால் சங்கத்தைக் கலைத்துவிட வேண்டும் என்பது எங்கள் விதி. ஆள் எண்ணிக்கை பார்க்கும் ஆண்டுக் கூட்டத்துக்கு நான்கு மாதமே இருந்தது.

ஆள் சேர்க்க முதலில் அவரும் எல்லோரும் செய்வதைத்தான் செய்தார். நூல்கடையில் விலை குறைத்துத் தர அட்டை அடித்தார். அந்தக் கடைக்காரர் அட்டை இல்லாதவருக்கும் அதே விலைக்குக் கொடுத்தார். சங்கத்தின் பெயர் போட்டு நாள்காட்டி கொடுத்தார். வாங்கிக்கொண்டு போனவர்கள் திரும்பி வரவில்லை.

"நாள்காட்டி நல்லா இருக்குண்ணே. அதைப் பார்த்துத்தான் சங்கத்தை விட்டு என்னைக்குப் போகலாம்னு நாள் குறிச்சுட்டு இருக்கேன்" என்றார் கோட்டுக்காரர். கோட்டு தைப்பதில் அவருக்கு நிகரில்லை, நாக்கும் கத்தரிக்கோல்தான்.

அண்ணன் கோபப்படவில்லை. காஜாவுக்குச் சட்டை எடுக்கப் போகும் இடமெல்லாம், "உங்களுக்கு இந்தத் தொழில்ல எது பயம்?" என்று மட்டும் கேட்டார். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். பத்து நாள் படுத்துவிட்டால் வாடிக்கை வேறு கடைக்குப் போய்விடும். போனது திரும்பாது.

அப்படிப் பிறந்ததுதான் கைத்துணை. உறுப்பினர் ஒருவர் படுத்துவிட்டால் மற்றவர்கள் அவருடைய துணிகளைப் பங்கிட்டுத் தைத்துக் கொடுக்க வேண்டும். துணி அவருடைய கடையிலிருந்துதான், அவருடைய பெயரில்தான் போக வேண்டும். உதவியவர் வாடிக்கையாளரிடம் பேசவே கூடாது.

கோட்டுக்காரர் சிரித்துவிட்டார். "அதுக்கு அளவு நோட்டைக் கொடுக்கணுமே! பெண்டாட்டியோட நகையைக் கேளுங்க, தர்றேன். அளவு நோட்டு மட்டும் தரமாட்டேன். என் வாடிக்கை மொத்தமும் அதுலதான் இருக்கு."

அந்த மாதமே மாடிப்படியில் வழுக்கி என் வலது மணிக்கட்டு முறிந்தது. கடையில் முப்பத்தாறு பள்ளிச் சீருடைகள் வெட்டாமல் கிடந்தன. பள்ளி திறக்கப் பதினைந்து நாள்தான். கடவுளை வேண்டிக்கொண்டு நோட்டை அண்ணன் கையில் கொடுத்தேன். எட்டுப் பேர் பங்கிட்டுக்கொண்டார்கள். பத்தே நாளில் எல்லாம் வந்து சேர்ந்தன.

முதலில் வாங்கிய தாய் மறுநாளே திரும்பி வந்தார். "அக்கா, நான் மகளுக்குத்தானே தைக்கச் சொன்னேன்? இது அவ அப்பாவுக்குச் சரியா இருக்கு!"

எடுத்து அளந்து பார்த்தோம். முப்பத்தாறும் நான்கு அங்குலம் தொளதொளவென்று இருந்தன. உடம்பை அளந்ததும் தளர்வுக்கு நான்கு அங்குலம் கூட்டியே எழுதுவது என் வழக்கம். மற்றவர்கள் உடம்பளவை எழுதிவிட்டு, வெட்டும்போது கூட்டுவார்கள். என் நோட்டின் மேல் அவர்கள் மறுபடியும் கூட்டிவிட்டார்கள்.

சங்க அறையில் ஒரே கூச்சல். மூன்று பேர் விலகல் கடிதத்தை மேசைமேல் வைத்தார்கள். இன்னும் ஒருவர் எழுந்தால் சங்கம் இல்லை. எல்லோரும் கோட்டுக்காரரைப் பார்த்தார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை.

அண்ணன் எழுந்தார். "தங்கச்சி மேல தப்பு இல்ல. தெச்சவங்க மேலயும் தப்பு இல்ல. அளவை எப்படி எழுதுவீங்கன்னு ஒரு வார்த்தை கேக்காம நோட்டைத் தூக்கிட்டு வந்தது நான். ஆனா ஒண்ணு. இறுக்கமா இருந்தாத்தான் உக்காந்து அழணும். தொளதொளன்னா பிரிச்சுப் பிடிச்சுடலாம். நாலு நாள் இருக்கு. நான் போறேன், வர்றவங்க வாங்க."

அன்று ஐந்து பேர் என் கடைக்கு வந்தார்கள். அண்ணன் தரையில் உட்கார்ந்து பக்கத்தையல்களைப் பிரித்தார். நான் இடது கையால் நூல் துணுக்குகளைப் பொறுக்கினேன். மறுநாள் காலை வாசலில் நிழல் தட்டியது. கோட்டுக்காரர் தம் கத்தரியோடு நின்றார்.

"நான் யூனிஃபார்ம் பிரிச்சேன்னு எவனாவது வெளிய சொன்னீங்க, தொலைச்சுடுவேன்!"

"நீங்க வரவே இல்லையே" என்றார் அண்ணன், தலை நிமிராமல். "அந்தச் சட்டையை இங்க தள்ளுங்க."

பள்ளி திறந்த அன்று முப்பத்தாறு பிள்ளைகளும் அளவான சட்டையோடு போனார்கள். என் வாடிக்கையில் ஒருவர்கூடக் குறையவில்லை. வெளியூரிலிருந்து வந்து கைத்துணையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு இன்றும் நெஞ்சை நிமிர்த்தித்தான் அதைச் சொல்கிறேன்.

அதன்பின் எல்லோரும் நோட்டின் முதல் பக்கத்தில் 'உடம்பளவு' அல்லது 'தளர்வு சேர்த்தது' என்று எழுத வேண்டும் என்று விதி வந்தது. ஆண்டுக் கூட்டத்தில் முதலில் தம் நோட்டை விரித்து மேசைமேல் வைத்தவர் கோட்டுக்காரர். கடிதம் கொடுத்த மூவரில் இருவர் அதைத் திரும்ப வாங்கிக் கிழித்தார்கள். அன்று இருபத்தேழு பேர் இருந்தோம். ஆறு வருடத்தில் தொண்ணூற்றிரண்டு ஆனோம். அதற்குள் பதினேழு பேர் படுத்து எழுந்திருக்கிறார்கள். ஒரு கடைகூட மூடப்படவில்லை. நாள்காட்டி அச்சடிப்பதை நிறுத்திவிட்டோம், யாரும் கேட்கவுமில்லை.

அண்ணனுக்குக் கை நடுங்க ஆரம்பித்ததும் மகள் வந்து தன் ஊருக்கு அழைத்துப் போனாள். வழியனுப்பப் பேருந்து நிலையத்துக்கு நாற்பது பேர் போயிருந்தோம். அதற்குப் பிறகு அவரைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. வண்டி கிளம்பும்போது சன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"தங்கச்சி, ஊரை விட்டுப் போறேன்னு பட்டியல்ல என் பேரை அடிச்சுடாதீங்க. நானும் உறுப்பினர்தான். கூப்பிட்டா ஆள் அனுப்பணும், ஆமா!"