கொட்டகைக்கு நேரே நான் எழுதிய வரி

பினாயில் நெடியோடு விறகுப் புகையும் ரசம் கொதிக்கிற வாசனையும் சேர்ந்து வரும்... எங்கள் பக்கத்துப் பழைய மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியின் பின்பக்கம் போனவர்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி பேர் வேண்டாம். நான் செய்த காரியத்துக்கு அதை ஏன் இழுக்க வேண்டும்?

பிரசவ வார்டுக்குப் பின்னால் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள் தங்குகிற இடம். மீமிசல்காரர்களும் கறம்பக்குடிக்காரர்களும் மூன்று கல்லைக் கூட்டிக் கஞ்சி காய்ச்சி, ஒரு வாரத்தில் உறவுக்காரர்கள் ஆகிவிடுவார்கள். 'இங்கு சமைக்கக் கூடாது' என்று போர்டு உண்டு. அந்தப் போர்டில்தான் துண்டு காயும்.

ஆஸ்பத்திரியை இடித்துப் பெரிதாகக் கட்டப்போகிறோம் என்றார்கள். பிளான் போடுகிற ஆபீஸில் எனக்கு முதல் வேலை. டிப்ளமோ சிவில் முடித்த மிதப்பு... இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் ஐடி கார்டு, கையில் ஃபைல்.

எந்தக் கட்டடம் புழக்கத்தில் இருக்கிறது, எது இல்லை என்று பார்த்து எழுத வேண்டும். இருக்கிறது என்று எழுதினால் அதற்குப் பதில் புதிதாக ஒன்று பிளானில் வரும். இல்லையென்றால் இடிப்பதோடு சரி.

கொட்டகைப் பக்கம் போனேன்.

"ஏய், ஆபீசர் வாராரு... எல்லாத்தையும் அள்ளுங்கடி!"

அவ்வளவுதான். அடுப்பில் தண்ணீரை ஊற்றினார்கள். சட்டி, பாய், கைக்குழந்தை எல்லாம் சுவருக்குப் பின்னால் போய்விட்டது. சமைத்ததற்காக விரட்ட வந்தவன் என்று என்னை நினைத்துவிட்டார்கள். நான் உள்ளே நுழைந்தபோது ஆளே இல்லை, ஈரச் சாம்பல்தான் புகைந்துகொண்டிருந்தது.

ஒரு பெரியவர் மட்டும் எட்டிப் பார்த்தார். "நாங்க இங்கிட்டு தங்குறதில்லைங்க சார். வெயிலுக்குச் சும்மா ஒதுங்குனோம். இந்தா போயிருவோம்."

கையில் கஞ்சித் தூக்கு இருந்தது.

சீனியருக்குப் போன் போட்டேன்.

"ஆளு இருக்காங்களா, இல்லையா?"

"இப்ப யாரும் இல்ல சார், ஆனா..."

"ஆனா ஆவன்னால்லாம் வேணாம் தம்பி. இல்லைன்னு போட்டுட்டு வாங்க. இருக்குன்னா அதுக்கு ஒரு டிராயிங், ஒரு எஸ்டிமேட்டு... நாளைக்கு ரிப்போர்ட் போகணும்ல?"

'புழக்கத்தில் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். திரும்பும்போது அந்தப் பெரியவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். விரட்டாமல் போகிறேனாம், அதற்கு!

விவரம் தெரியாத வயசு என்று நீங்கள் சொல்லலாம். அதுதான் இல்லை. நான் பாலிடெக்னிக் படிக்கும்போது அப்பாவுக்குக் குடல் ஆபரேஷன் நடந்தது. அம்மாவும் நானும் அந்தக் கொட்டகையில்தான் கிடந்தோம். வாட்ச்மேன் விசில் கேட்டால் நானும் சட்டியைத் தூக்கிக்கொண்டு அதே சுவருக்குப் பின்னால் ஓடியிருக்கிறேன். எல்லாம் தெரிந்துதான் எழுதினேன். இதை என் மனைவியிடம்கூட இதுவரை சொன்னதில்லை. வெட்கமாக இருக்கிறது.

புது ஆஸ்பத்திரி நன்றாக இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது. அப்போது ஒரு கட்டிலில் இரண்டு பேர் படுத்திருப்பார்கள். இப்போது ஆளுக்கொரு கட்டில். லிஃப்ட், ஸ்கேன், படிக்கிற பிள்ளைகளுக்கு ஏசி போட்ட வகுப்பறை... கொட்டகை இருந்த இடத்தில் தகரக் கூரை போட்ட கார் பார்க்கிங்.

போன மாசம் அங்கே சேர்த்திருந்த மச்சினனைப் பார்க்கப் போயிருந்தேன். நல்ல மழை. பார்க்கிங் ஓரத்தில், கார்களுக்கு நடுவில், ஒரு குடும்பம் நின்றுகொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கார் சாவியோடு நான் வருவதைப் பார்த்து அந்தக் குடும்பத்து அம்மா ஒருவர் கேட்டார்.

"தம்பி, நாங்க திருவரங்குளத்துக்காரங்க. மூத்தவ பிரசவத்துக்கு வந்தப்ப இங்கிட்டு ஒரு கொட்டகை இருந்துச்சு. அதுலதான் தங்குனோம். இப்ப அத எங்கிட்டு மாத்திருக்காங்க?"

எங்கேயோ மாற்றித்தான் இருப்பார்கள் என்று அவ்வளவு நம்பிக்கை அவருக்கு.

"தெரியலைங்கம்மா... நான் இந்தப் பக்கம் புதுசு" என்றேன்.

"பரவால்லங்க தம்பி. ஒங்க காரு போயிருச்சுன்னா அந்த எடத்துல நாங்க செத்த ஒக்காந்துக்கலாம்ல?"

தலையை ஆட்டினேன். நான் ரிவர்ஸ் எடுத்து முடிப்பதற்குள் அங்கே பாயை விரித்துவிட்டார்கள்.