தானே திறக்கிற கதவு

காலை ஆறு மணிக்குத் தெஹியோவிட்டவில் இருந்து கிளம்பினோம். 2006 ஆவணி மாதம். என் மனைவி செல்வி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறாள். இரண்டு வருட ஒப்பந்தம். வேனில் நான், அவள், நான்கு வயது மகள் சுதா, டிரைவர் குமார். கட்டுநாயக்க விமான நிலையம் போய்வர நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்.

பிளேன் பார்க்கும் ஆசையில் சுதா இரவெல்லாம் தூங்கவில்லை. செல்வி சீனி போட்டு ரொட்டி சுட்டுக் கட்டியிருந்தாள். எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில், தூரம் போகிற தாய், கிளம்பும்போது பிள்ளைக்குத் தன் கையால் ஊட்டிவிட்டுத்தான் போவாள்.

"வீட்டுலயே ஊட்டிரு" என்றேன்.

"அங்க பிளேனக் காட்டி ஊட்டுறேன்னு சொல்லிட்டேங்க."

ஏழு மணிக்கு அவிசாவளை தாண்டினோம். குமார் பேசிக்கொண்டே வந்தான்.

"மச்சான், ஏர்போர்ட்டு முந்தி மாதிரி இல்ல. பெருசாக்கிட்டாங்க. டிக்கெட் எடுத்தா நாமளும் உள்ள போகலாம். சேர் இருக்கு, ஏசி இருக்கு, கண்ணாடி வழியா பிளேன் தெரியும்."

"நீங்க உள்ள போயிருக்கீங்களாண்ணே?" என்றாள் செல்வி.

"மூணு தடவ. ஏசில நின்னு தடுமனே புடிச்சிருச்சு தங்கச்சி."

செல்வி சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அது ஒன்றுதான்.

கடுவெல வருவதற்குள் சுதா தூங்கிவிட்டாள். வழியில் மூன்று இடத்தில் ராணுவத்தார் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். வேன் மீட்டரில் எண்பத்தெட்டு கிலோமீட்டர்.

குமார் சொன்னது பொய்யில்லை. பெரிய கட்டிடம். தரையில் முகம் தெரிந்தது. வெளியே இருந்த குழாயில் கையை நீட்டினால் தண்ணீர் வருகிறது. எங்கள் லயத்தில் பன்னிரண்டு வீட்டுக்கு ஒரே பைப்.

"பிள்ளைய எழுப்பவா?" என்றாள் செல்வி.

"வேணாம். உள்ள போய் உக்காந்து எழுப்பலாம்" என்றேன். அதைச் சொன்னது நான்தான்.

சுதாவைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். ஆள் வந்தால் தானே திறக்கிற கண்ணாடிக் கதவு. எங்களுக்கும் திறந்தது. காவல்காரர் கையைக் குறுக்கே நீட்டினார்.

"யன அய விதரய்." போகிறவர்கள் மட்டும்தான்.

டிக்கெட் எடுக்கிறோம் என்று சிங்களத்தில் சொன்னேன். பாதுகாப்புக் கெடுபிடி, இப்போது யாருக்கும் டிக்கெட் இல்லை என்றார். அதற்குள் அவளைக் குவைத்துக்கு அனுப்புகிற ஏஜென்சி ஆள் வந்து செல்வியின் பையை வாங்கிக்கொண்டு நடந்தார்.

"இப்ப எழுப்பாதீங்க. முழிச்சா என்னைய விடமாட்டா" என்றாள் செல்வி. சுதாவின் தலையை மோந்தாள். பொட்டலத்தை என் கையில் வைத்தாள். "நீங்களே ஊட்டிருங்க."

எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் இருக்கும். அவள் உள்ளே போனதும் கதவு தானே மூடியது.

வேனுக்குத் திரும்பினோம். தலைக்கு மேல் ஒரு விமானம் போன சத்தத்தில் சுதா விழித்தாள். அண்ணாந்து பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள்.

"அம்மா எங்கப்பா?"

ரொட்டியைப் பிய்த்து நீட்டினேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"அம்மாதான் ஊட்டணும்."

குமார் வேனைக் கிளப்பினான்.

நாலு மணிக்குத் தெஹியோவிட்ட பஸ் நிலையத்தில் வேன் நின்றது. அங்கே கூரை ஒழுகும், உட்கார இடம் கிடையாது. அவிசாவளை பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஏற்றிவிட வந்தவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ் நகரும்வரை பேசிக்கொண்டே நின்றார்கள். யாரும் அவர்களை விலகச் சொல்லவில்லை.

பிய்த்த ரொட்டி என் கையிலேயே காய்ந்திருந்தது.