சாரம் காட்டாத இடுப்பு

திருகோணமலைத் துறைமுகத்தருகே மீன்வலைக் கடை வைத்திருக்கிறேன். சீனி வருத்தம் என்கிற நீரிழிவு வந்தபோது டொக்டர் உடல் நிறையைக் குறைக்கச் சொன்னார். அன்று முதல் தினமும் விடியற்காலையில் கடற்கரையில் நடந்தேன். நடந்து வந்ததும் தராசில் ஏறி, நிறையை டயரியில் எழுதுவேன். இரண்டு மாதமாகியும் அது இறங்கவில்லை. உள்ளே வேறு ஏதோ பெரிய வருத்தம் இருக்கிறதென்று பயந்துபோனேன்.

கிளினிக் நாளன்று, வழக்கமாகக் கட்டும் சாரத்தை மாற்றிக் காற்சட்டை போட்டேன். அது இடுப்பில் நிற்காமல் வழுகியது.

"இது ஆற்றை காற்சட்டை?" என்று மனைவியைக் கேட்டேன்.

"உங்கடதான். இடுப்பைத்தான் காணேல்லையப்பா," என்று சிரித்தாள்.

காற்சட்டையைப் பிடித்துக்கொண்டே போய், டொக்டரிடம் என் பயத்தைச் சொன்னேன். அவர் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார்.

"சீனி நல்லா இறங்கியிருக்கு. நடக்க நடக்கக் கொழுப்பு கரையும், தசை கூடும். தராசுக்கு ரெண்டும் ஒண்டுதான். நிறை ஆறுதலா, மெல்ல மெல்லக் குறையும். நடையை விட்டிடாதேங்கோ."

"அப்ப வேற வருத்தம் ஒண்டும் இல்லையோ?"

"இல்லை. ஒரு பெல்ட் வாங்குங்கோ."

வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாரத்தைக் கட்டினேன். சாரம் எந்த இடுப்புக்கும் பொருந்திவிடும். நாளுக்கு நாள் அதை இன்னும் கொஞ்சம் இழுத்துச் செருகியது என் கைதான். கண்தான் தராசிலேயே இருந்துவிட்டது.