தொண்ணூறாயிரத்துக்கு இன்னும் எழுநூறு

என் காரின் ஆர்.சி. புத்தகம் இருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பழைய ஸ்டிக்கர் கிடக்கிறது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, ஒரு மூலை கிழிந்தது. ஆயில் மாற்றும் கடைகளில் வேலை முடிந்ததும் ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து அதன் விளிம்பில் ஒட்டிவிடுவார்களே, அதுதான். ‘அடுத்த ஆயில், ஃபில்டர் மாற்றம்’ என்று அச்சடித்த வரிக்குக் கீழே மெக்கானிக் 90,000 என்று எழுதியிருக்கிறார். அதற்கும் கீழே வேறொருவர் நீலப் பேனாவால் பொடி எழுத்தில் மூன்று வரி எழுதியிருக்கிறார். இது என் வண்டியின் ஸ்டிக்கர் இல்லை. நான் வேலை பார்த்த விடுதியின் வண்டியிலிருந்து நானே நகத்தால் சுரண்டி எடுத்தது. நான் எடுத்ததால் ஒருவருக்கு வேலை போயிற்று. இதைத் தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, எடுத்துப் பார்க்கவும் தெம்பில்லை.

மாமல்லபுரத்துக்கு வெளியே ஈ.சி.ஆர். ஓரம் இருந்த அந்த விடுதியில் நான் அலுவலகப் பொறுப்பாளர். படுக்கை விரிப்பு சலவைக்குப் போவதிலிருந்து விருந்தினர்களை ஏற்றிச் செல்லும் இரண்டு டீசல் கார்கள் வரை எல்லாம் என் தலையில்தான். கார் ஓட்ட அப்போது எனக்குத் தெரியாது. தெரியாதவனிடம்தான் இந்த மாதிரிப் பொறுப்புகள் வந்து சேரும். ஆனாலும் விடவில்லை. எந்த வண்டிக்கு எப்போது ஆயில், எப்போது டயர் என்று பெரிய அட்டவணை ஒன்று போட்டு, வண்ணம் தீட்டி, என் நாற்காலிக்குப் பின்னால் ஒட்டி வைத்தேன். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயிலும் ஃபில்டரும் என்று கம்பெனி கொடுத்த புத்தகத்தில் இருந்தது. அந்த வரியைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். மேலாளர் அட்டவணையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்துவிட்டது.

அந்த இரண்டில் பெரிய வண்டியை ஓட்டியவரை விடுதியில் எல்லோரும் அண்ணாத்த என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், திருக்கழுக்குன்றத்துக்காரர். பதினோரு வருடமாக அங்கே ஓட்டிக்கொண்டிருந்தார். அதிகம் பேசமாட்டார். வண்டியின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு டம்ளர் டீயை அரை மணி நேரம் குடிப்பார். அந்த நேரத்தில் அவரிடம் யார் என்ன கேட்டாலும் “ம்” என்பதுதான் பதில்.

ஒருநாள் காலை அவர் என் மேஜைக்கு வந்து ஒரு வெள்ளைக் கைத்துண்டை விரித்தார். சாப்பாட்டு அறையில் மடித்து வைக்கும் துண்டு. நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கன்னங்கரேலென்று ஒரு கறை. ஆயில் அளக்கும் கம்பியை உருவி அதில் துடைத்திருக்கிறார். “பாருங்க சார், ரோட்டு தாராட்டம் கீது. ஓரத்துல பரவவே மாட்டேங்குது. ஆயில மாத்திடலாம்” என்றார். நான் கறையைப் பார்க்கவில்லை, துண்டைத்தான் பார்த்தேன். சலவைக்கு எண்ணிப் போட்ட துண்டில் ஒன்று பாழாகிவிட்டதே என்று அவரிடம் கத்தினேன். பிறகு திரும்பி அட்டவணையைக் காட்டினேன். எண்பதாயிரத்தில் மாற்றியிருக்கிறோம், இப்போது எண்பத்து நாலுதான் ஓடியிருக்கிறது, இன்னும் ஆறாயிரம் இருக்கிறது என்றேன்.

“மீட்டரு ஓடல சார், இஞ்சின் ஓடிக்கினே கீது” என்றார் அவர்.

அந்த ஊரில் வாடகைக் கார் ஓட்டுபவர்களுக்கு அது சொல்லாமலே புரியும். விருந்தினர்கள் ரதங்களைப் பார்க்கக் காலையில் இறங்குவார்கள். கூடவே வயதானவரோ கைக்குழந்தையோ இருந்தால் வண்டியிலேயே விட்டுவிட்டு, “ஏசியை மட்டும் அணைச்சிடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இரண்டு மணி நேரம் வண்டி இடத்தைவிட்டு நகராமல் உறுமிக்கொண்டிருக்கும். பிறகு கடற்கரைக் கோவில், அங்கேயும் அதே கதை. சாப்பிடப் போனாலும் அதே கதை. நாள் முழுக்க ஓடிய இன்ஜினுக்கு மீட்டரில் பதினைந்து கிலோமீட்டர்கூட ஏறியிருக்காது. போதாததற்கு அவர் நிழலுக்கு வண்டி நிறுத்தும் இடம் கல் செதுக்கும் பட்டறைகளை ஒட்டி இருந்தது. சாயங்காலம் திரும்பி வரும்போது வண்டி மேல் கோலமாவு கொட்டியதுபோல் வெள்ளையாகக் கல் தூசி படிந்திருக்கும். ஒரு மணி நேரம் நின்றபடி ஓடினால் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் ஓடியதாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் கணக்கு. என் அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை.

நான் நினைத்திருந்தால் மாற்றியிருக்கலாம். மேலாளருக்கு ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதி, ஏன் முன்கூட்டியே மாற்றுகிறோம் என்று விளக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு பக்கத்துக்குச் சோம்பல்பட்டேன். நானே வண்ணம் தீட்டிய அட்டவணையைத் தப்பு என்று நானே எழுதிக் கொடுப்பதா என்ற வீம்பும் இருந்தது. எண்பத்தாறாயிரத்தில் அண்ணாத்த மறுபடி வந்து சொன்னார். பார்க்கலாம் என்றேன். எண்பத்தெட்டில் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். அந்த முறை நான் கணினித் திரையிலிருந்து தலையைக்கூடத் திருப்பவில்லை.

திருச்சிக்குப் போக வேண்டிய ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அவர் போன அன்று, அச்சரப்பாக்கம் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் ஆயில் எச்சரிக்கை விளக்கு எரிந்திருக்கிறது. ஓரம் கட்டுவதற்குள் இன்ஜின் கடகடவென்று அடித்து அப்படியே இறுகிவிட்டது. நல்லவேளை, யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பட்டப்பகல் வெயிலில் அந்தக் குடும்பம் சாலையோரம் நின்றது. நான் இன்னொரு காரை அனுப்பினேன். நின்றுபோன வண்டியை மறுநாள் காலை கட்டி இழுத்து வந்து விடுதி வாசலில் விட்டார்கள். மெக்கானிக் அடியில் இருக்கும் ஆயில் தட்டைக் கழற்றிக் காட்டினார். எண்ணெய் என்று சொல்லவே முடியாது, கறுப்பு அல்வா மாதிரி திரண்டிருந்தது. எதேச்சையாக ஓட்டுநர் கதவைத் திறந்தேன். பின்சீட்டில் எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறேன், அந்தக் கதவை நான் திறந்தது அதுதான் முதல் தடவை. விளிம்பில் ஸ்டிக்கர். அதில் நீல எழுத்து:

84 சார்ட்ட சொன்னேன்.
86 சொன்னேன்.
88 சொன்னேன்.

மேலாளர் வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. என் கை அதுவாகவே போயிற்று என்று எழுத ஆசைதான். ஆனால் அது அதுவாகப் போகவில்லை. யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துவிட்டுத்தான் சுரண்டினேன். ஒரு மூலை வராமல் கதவிலேயே நின்றுவிட்டது.

மேலாளர் எழுத்தில் விளக்கம் கேட்டார். அட்டவணைப்படி இன்னும் எழுநூறு கிலோமீட்டர் மிச்சம் இருந்தது என்று எழுதினேன். அது பொய் இல்லை. ஓட்டுநர் முன்கூட்டியே ஏதாவது புகார் சொன்னாரா என்பது அடுத்த கேள்வி. ‘இல்லை’ என்று எழுதினேன். என் அலுவலக வாழ்க்கையில் எத்தனையோ ஆயிரம் பக்கம் எழுதியிருக்கிறேன். இந்த ஒரு சொல் அளவுக்கு எதுவும் கனக்கவில்லை. விளக்கு எரிந்த பிறகும் ஓட்டினார் என்று முடிவு கட்டி அண்ணாத்தையை அனுப்பிவிட்டார்கள். சாவியை என் மேஜையில் வைத்துவிட்டு, “வரேன் சார்” என்றார். நான் ஏதோ காகிதத்தைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். அதன் பிறகு அந்தச் சாலையில் எந்த விடுதியும் அவரைச் சேர்க்கவில்லை. மற்ற ஓட்டுநர்கள் அவருக்கு ‘இஞ்சின் முழுங்கி’ என்று பெயர் வைத்துவிட்டதாகக் காவலாளி சிரித்துக்கொண்டே சொன்னார். அதற்கு நானும் சிரித்து வைத்தேன். பல நாள் கழித்து அந்தக் கம்பெனி புத்தகத்தை எடுத்து அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். தூசி, மணல், நின்றபடி நெடுநேரம் ஓடும் இன்ஜின், அடிக்கடி குறுகிய தூரம் என்றால் இடைவெளியைப் பாதியாகக் குறைக்கவும் என்று அச்சாகியிருந்தது. பாதி என்றால் ஐயாயிரம். அவர் முதலில் வந்து கேட்டதே நாலாயிரத்தில்தான்.

இப்போது நான் கூடுவாஞ்சேரியில் இருக்கிறேன். வேலையை விட்டாயிற்று. ஐம்பத்தைந்து வயதில் கார் ஓட்டப் பழகி, பழைய சின்ன வண்டி ஒன்று வைத்திருக்கிறேன். மனைவியை ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டு வருவது, காய்கறிக் கடை, அவ்வளவுதான் அதன் உலகம். போன மாதம் வண்டி இரைகிறது என்று பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். ஆயில் மாற்றி எத்தனை மாசம் ஆச்சு என்றார். மாசம் கிடக்கட்டும், மூவாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்றேன். அவர் ஆயில் மூடியைத் திருகிக் காட்டினார். உள்பக்கம் வெண்ணெய் மாதிரி மஞ்சளாக அப்பியிருந்தது. “ரெண்டு வருசத்துக்கு மேல ஆயிருக்கும். இஞ்சின் சூடாவறதுக்குள்ள அணைச்சிட்டா உள்ள தண்ணி கோத்துக்கும் சார். ஓடலன்னாலும் வருசத்துக்கு ஒரு தபா மாத்தணும். மீட்டரயே பாத்துகினு இருந்தா எப்பிடி?” என்றார். அந்த ஆள் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அவமானமாக இருந்தது. இத்தனைக்குப் பிறகும் நான் அதே ஆள்தானா என்று என் மேலேயே ஓர் ஆயாசம் வந்தது.

விசாரித்ததில், அண்ணாத்த செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார் என்று தெரிந்தது. ரயிலேறிப் போனேன். மத்தியானம், கொளவாய் ஏரிப் பக்கம் மரநிழலில் வேனை நிறுத்திவிட்டு, இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. “இன்னா சார், இம்மாந்தூரம்?” என்றார். நான் சட்டைப் பையிலிருந்து ஸ்டிக்கரை எடுத்து நீட்டினேன். “நான்தான் உரிச்சேன் அண்ணாத்த. தப்புப் பண்ணிட்டேன்” என்றேன்.

கையை நீட்டித் தள்ளிப் பிடித்துத் தன் கையெழுத்தைப் படித்தார். “தெரியும் சார். சாவி குடுக்கறதுக்கு மின்ன கதவத் தொறந்து பாத்தேன். பசை இருந்த எடத்துல கல்லு தூசி ஒட்டிகினு, ஸ்டிக்கரு அளவுக்கு வெள்ளையா ஒரு கட்டம் கீது. உங்களத் தவுர யாருக்கு சார் அது வேணும்?”

மேலாளரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“மூணு தபா சொன்னேனே சார். நாலாவது தபா சொல்ல சலிச்சிப் போச்சி.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ஸ்டிக்கரைத் திருப்பி என் கையிலேயே வைத்தார். “எனுக்கு எதுக்கு சார் இது? எனுக்கு ஞாபகம் கீது. நீங்களே வெச்சிக்கோங்க” என்றார். பிறகு, நான் கார் வாங்கியதை யார் சொன்னார்களோ, “உங்க வண்டிக்கு ஆயில் மாத்திட்டீங்களா?” என்று கேட்டார். மாற்றிவிட்டேன் என்றேன். “ம்” என்றார். பிள்ளைகளை ஏற்ற நேரமாகிவிட்டது என்று எழுந்துபோய் வேனைக் கிளப்பினார்.

என் கார்க் கதவின் விளிம்பில் இப்போது புது ஸ்டிக்கர் இருக்கிறது. மெக்கானிக் எழுதிய கிலோமீட்டருக்குப் பக்கத்தில் மாதத்தையும் நான் எழுதி வைத்திருக்கிறேன். பழையதைத் திரும்பவும் ஆர்.சி. புத்தக உறைக்குள் வைத்துவிட்டேன். அவர் மூன்று முறை சொன்னார் என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சி அதுதான். அதை அவரும் வாங்கிக்கொள்ளவில்லை.