மோட்டார் கொட்டகைச் சாவி

கிணற்றடியில் அன்று இருந்தவர்கள்: என் தம்பி ஏழுமலை. ஊர்ப் பெரியவர் முனிரத்தினம். மோட்டாருக்குப் பெட்டி பொருத்திய கனகம்மாசத்திரத்து மெக்கானிக் பாபு. நான்.

பொய் சொன்னவன் நான். அடி வாங்கியவன் பாபு.

அந்தப் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு. வெளியே விரல் நீளத்துக்கு ஓர் ஏரியல். செல்போன் டவர் வழியாக அது இன்டர்நெட்டைப் பிடித்துக்கொள்ளும். சென்னையில் கம்பெனி வேலையில் இருக்கும் தம்பி அங்கே போனைத் தொட்டால் இங்கே மோட்டார் ஓடும்.

கிணறு எங்கள் இருவருக்கும் பொது. மோட்டார் ஆளுக்கு ஒன்று. ஒரு நாள் அவன் முறை, மறுநாள் என் முறை. தவறிய முறைக்கு ஈடு கிடையாது. அப்பா வைத்த சட்டம்.

பெட்டி வருவதற்கு முன் அவன் முறையன்று காலையில் எனக்குப் போன் வரும். "ண்ணா, மோட்டார் போட்டு உடு. சாப்ட்டியா?" அவ்வளவுதான் பேச்சு. பெட்டி வந்தது. அந்தப் போனும் நின்றது. என் கண்ணெதிரே அவன் மோட்டார் தானாக ஓடிற்று. நான் எதற்கு?...

அவன் முறை நாளில் ஏரியலைத் திருகிக் கழற்றினேன். பொழுது சாய்ந்ததும் மாட்டினேன்.

போன் வந்தது. "ண்ணா, பெட்டி லைன்ல வரமாட்டேங்குது. கையால போட்டு உடேன்."

"அதுல கைய வெச்சு ஷாக் அடிச்சா உன் பொண்டாட்டியா வந்து அழுவா? டவர் இல்ல போலக்குது. போய் பெட்டி மாட்டனவனக் கேளு."

போன் வரவில்லை என்றுதானே கோபம்? வந்ததே! பிறகும் ஏன் போடவில்லை? அவன் குரலில் இருந்த தவிப்பு எனக்கு இனித்தது. முகம் சுளிக்கிறீர்களா? சுளியுங்கள்!

அந்த முறையோடு நான் நிறுத்தவில்லை. நெல் பால் பிடிக்கும் சமயம். அவன் பிள்ளைகள் வருஷம் முழுக்கச் சாப்பிடுவது அந்த நெல்லைத்தான். தெரிந்தே செய்தேன். ஞாயிற்றுக்கிழமை அவன் வருவான். ஏரியல் அதன் இடத்தில் இருக்கும், மோட்டார் ஓடும். அவன் பாபுவைத் திட்டிவிட்டுப் போவான்.

கடைசியில் பாபுவைக் கிணற்றடிக்கு வரவழைத்தான். அன்றும் பெட்டி நன்றாக ஓடிற்று.

"இன்னா நைனா, ஆளப் பாத்தா ஓடுது, ஆள் போனா படுத்துக்குது? உன் பெட்டிக்கு வெக்கமா?" என்றார் முனிரத்தினம்.

பாபு சிரிக்கவில்லை. தம்பியிடம் திரும்பினான். "பெட்டில தப்பு இல்லங்க. நீங்க இல்லாத நாள்ல கொட்டாய் சாவி யார்கிட்ட இருக்குது?"

என்னிடம்தான் இருந்தது. இடுப்பில்.

கேட்ட மறுகணம் தம்பி அவன் கன்னத்தில் அறைந்தான். "எங்கண்ணன் மேலயாடா பழி போடற?" பெட்டியைச் சுவரிலிருந்து பிய்த்துக் கிணற்றில் எறிந்தான்.

யாரும் என்னைச் சத்தியம் கேட்கவில்லை. நானாகத்தான் திருத்தணி மலை இருக்கும் திக்கில் கை நீட்டினேன். "முருகன் சாட்சியா, நான் தொடல."

பாபு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும். இன்றும் கனகம்மாசத்திரத்தில் பஸ் நின்றால், அவன் கடை இருக்கும் பக்கம் நான் திரும்புவதில்லை. எங்கள் ஊரில் அவனை இப்போது யாரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை.

தம்பி மறுபடியும் போன் செய்கிறான். "ண்ணா, மோட்டார் போட்டு உடு. சாப்ட்டியா?" போடுகிறேன். கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது எனக்கு! சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன்... "ஆங், சாப்ட்டேன்" என்றுதான் வரும்.

பக்கத்துப் பக்கத்து நிலம். ஒரே அளவு, ஒரே விதை, ஒரே கிணறு. அந்தப் போகத்தில் என் களத்தில் முப்பத்திரண்டு மூட்டை.

அவன் களத்தில் நான்கு.