என் மகளின் ஐந்தரை மணி

வளைகுடாவில் ஒரு லாண்டரியில் துணி தேய்ப்பது என் வேலை. நண்பகலில் தொடங்கினால் இரவுதான் முடியும். காலையில் நான் கண் விழிக்கும்போது கீரனூரில் என் மகள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள். வேலை முடிந்து அறைக்கு வரும்போது தூங்கியிருப்பாள். நடுவில் டீ குடிக்க விடும் அரை மணி நேரம்தான் எனக்கு வாய்த்தது. அப்போது ஊரில் மாலை ஐந்தரை. ஒரு நாள் தவறாமல் வீடியோ காலில் கூப்பிடுவேன். என் மனைவி அவளுக்கு முகம் கழுவி, பவுடர் பூசி, தலை சீவி, சிக்னல் நன்றாகக் கிடைக்கும் ஜன்னலோரம் உட்கார வைத்திருப்பாள்.

மூன்று வயதில் தொடங்கிய பழக்கம். ரைம்ஸ் சொல்வாள், மிஸ் யாரைத் திட்டினார் என்று சொல்வாள். பேச்சுக்கு நடுவில் அவள் கண் பக்கவாட்டில் போய்விடும். எனக்குத்தான் பொசுக்கென்று கோபம் வருமே! "அங்கிட்டு என்ன பார்வை? இங்கிட்டு அப்பாவப் பாரு" என்று அதட்டுவேன். பாவம், உடனே திரும்பிக்கொள்வாள். டிவி ஓடுகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

மூன்று வருஷம் கழித்துப் போன தடவை லீவில் வந்தபோது அவளுக்கு ஆறு வயது. வந்த அன்று சாயங்காலம் போனுக்கு வேலையில்லை. "போயி வெளையாடு தங்கம்" என்று அனுப்பிவிட்டு டீ டம்ளரோடு வாசலில் நின்றேன். தெருப்பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். சாக்கடைக்கு மேல் கிடந்த கல்லை எல்லாப் பிள்ளைகளும் ஒரே தாவாகத் தாண்டினார்கள். என் மகள் மட்டும் அதில் உட்கார்ந்து, ஒரு காலை இறக்கி, அப்புறம் மறு காலை இறக்கினாள். பிடிக்க வந்த பையன் அவளைத் தொட்டுவிடும் தூரத்தில் கடந்து போனான், தொடவில்லை. மறுபடி வந்தான், மறுபடியும் தொடவில்லை.

"ஏன்டா டேய், எம்புள்ளைய மட்டும் ஏன்டா புடிக்க மாட்டேங்கிற?" என்று கத்தினேன்.

பக்கத்து வீட்டுச் சிறுமிதான் பதில் சொன்னாள். "அவ ஒப்புக்குச் சப்பாணி சித்தப்பா. தொட்டாலும் அவுட் இல்ல. அவளுக்கு ஓடத் தெரியாதுல்ல!"

அதில் கேலி கிடையாது. இதுகூடத் தெரியாதா என்கிற தோரணைதான். என் மகளோ, "ஆமாப்பா, நான் ஒப்புக்குச் சப்பாணி" என்று பெருமையாகச் சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. நாங்களும் அந்தக் காலத்தில் அப்படிச் சேர்த்திருக்கிறோம், நடை பழகும் தம்பி தங்கைகளை. ஆறு வயதுப் பிள்ளையை யாரும் அப்படிச் சேர்த்ததில்லை.

உள்ளே போய் மனைவியிடம் எகிறினேன். "புள்ளைய வெளிய விடாம பொத்திப் பொத்தி வச்சிருக்கியா?"

அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "எப்பங்க விடச் சொல்றீங்க? ஸ்கூல் விட்டு வந்து பால் குடிச்சு முடிக்க அஞ்சேகால். புள்ளைங்க ரோட்டுல எறங்குறதும் அஞ்சரைக்கு, நீங்க கூப்பிடுறதும் அஞ்சரைக்கு. நீங்க போன வச்சா, கொஞ்ச நேரத்துல வெளக்கு வச்சிருவாக. அவுகவுக புள்ளைய உள்ள கூப்பிட்டுருவாக. பென்சில் புடிக்கக்கூடக் கையில வலுவில்ல, சாயந்திரம் மண்ணுல ஓடியாடி வெளையாட விடுங்கன்னு மிஸ்ஸும் சொன்னாங்க."

"அத ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"ஒங்களுக்கு இருக்கிறதே அந்த அரை மணி நேரம். அதையும் எப்புடிங்க புடுங்குறது?"

அந்த ஜன்னலுக்கு வெளியேதான் தெரு. என் முகத்தைப் பார்க்கச் சொல்லி நான் அதட்டியபோதெல்லாம் அவள் பார்த்தது அதைத்தான். மூன்று வருஷச் சாயங்காலம். அத்தனையையும் பாசம் என்ற பேரில் நானே வாரிச் சுருட்டிக்கொண்டிருக்கிறேன். கொல்லைப்புறம் போய் அழுதேன்.

மிச்ச லீவு முழுக்க அவளோடுதான் கிடந்தேன். வாசலில் பாண்டிக் கட்டம் போட்டேன். என் விரலைப் பிடித்துக்கொண்டு நொண்டினாள். சின்ன வாளியில் தண்ணீர் மொண்டு செடிக்கு ஊற்றச் சொன்னேன், சப்பாத்தி மாவை உருட்டச் சொன்னேன், கொய்யாக் கிளையைப் பிடித்துத் தொங்கவிட்டேன், பழைய துணியைச் சுருட்டிப் பந்தாக எறிந்தேன். பந்து மார்பில் பட்டு விழுந்த பிறகுதான் கை வரும். கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்க, "போதும்ப்பா, போன் பாப்பமா?" என்பாள். நான் கிளம்பும் நாளிலும் அவள் ஒப்புக்குச் சப்பாணிதான். இனி என் வார லீவில், இருட்டிய பிறகு மட்டும் கூப்பிடுகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு விமானம் ஏறினேன்.

சொல்லிவிட்டேனே தவிர, அந்த டீ நேரம் நரகம். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருப்பேன். பல மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு நாள் தாங்காமல் ஐந்தரைக்கே கூப்பிட்டுவிட்டேன்.

மனைவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "என்னங்க, இப்பல்லாம் அவளத் தொட்டா அவுட்டுதான். நேத்து அவுட்டாயி ஒரே சண்டை! கூப்பிடவா?"

"வேணாம், வேணாம். சும்மா ரோட்டக் காட்டு."

போனை வெளியே நீட்டினாள். திரையில் புழுதி, கூச்சல், பொடிப் பொடியாய்ப் பிள்ளைகள். பின்தங்கி வருகிற பிள்ளையைத் தேடினேன். அப்படி யாருமே இல்லை. மறுபடி தேடினேன். அத்தனை வருஷம் தினம் தினம் பார்த்த பிள்ளைதான், ஆனால் போனில் பார்த்தது உட்கார்ந்திருந்த முகத்தை மட்டும்தானே, அவள் ஓடி நான் பார்த்ததே இல்லையே.

"எதும்மா நம்ம புள்ள?" என்று கேட்டேன்.

"அந்தா, முன்னால ஓடுறாள்ல!"

அவள் விரல் காட்டிய இடத்தை நான் கண்டுபிடிப்பதற்குள் அந்தப் பிள்ளை தெருமுனையில் திரும்பிவிட்டது.